மாறிக்குப் பெயரா, எண்ணா? தொடரியல் மரத்தில் பிணைப்பைக் கையாளும் முறை

சொந்தமாக ஒரு சிறு நிரலாக்க மொழி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பார்சரை நினைத்துத்தான் பயப்படுவார்கள். பார்சரில் தப்பு இருந்தால் முதல் சோதனையிலேயே பல்லிளித்துவிடும். மாறிப் பிணைப்பில், அதாவது எந்த மாறி எந்த வரையறையைச் சேர்ந்தது என்பதில், செய்த தப்பு அப்படியல்ல. நிரல் ஓடும், விடையும் வரும், ஆனால் அது வேறொரு நிரலின் விடையாக இருக்கும். பார்சர் கட்டித் தரும் தொடரியல் மரத்தில் மாறியை எப்படி எழுதி வைக்கிறோம் என்பதை முதல் நாளே தீர்மானிப்பது நல்லது. பிறகு மாற்றினால் கம்பைலரின் எல்லா மூலையையும் தொட வேண்டிவரும்.

இங்கே பயன்படுத்தும் குறியீடு மிகச் சிறியது. "லா அ. உடல்" என்றால் அ என்ற உள்ளீட்டை வாங்கும் சார்பு. "ச த" என்றால் ச என்ற சார்பைத் த என்ற மதிப்போடு அழைப்பது. மாறி, லா, அழைப்பு ஆகிய மூன்று வகைக் கணுக்கள் போதும். பிணைப்பின் எல்லாத் தலைவலியும் இந்த மூன்றிலேயே வந்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி: பதிலீடு உங்களுக்குத் தேவையா?

நிரலை ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. மாறிப் பெயரிலிருந்து மதிப்புக்குப் போகும் ஒரு சூழல் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். சார்பைச் சந்திக்கும்போது அதன் உடலையும் அந்த நேரத்துச் சூழலையும் சேர்த்துக் குளோஷராகக் கட்டி வையுங்கள். முழு நிரலில் எந்த மாறியும் தனக்கென ஒரு லா இல்லாமல் கட்டற்று நிற்காதவரை, வெறும் பெயர்களே போதும். சூழலைச் சேர்த்துக் கட்ட மறந்தால் மட்டும் கதை மாறும். சார்பு உருவான இடத்து மாறிக்குப் பதிலாக அழைத்த இடத்து மாறியை எடுத்துக்கொள்ளும். தொடக்கக் கால லிஸ்ப் அப்படித்தான் நடந்துகொண்டது.

சார்பின் உடலுக்குள் நுழைந்து, மாறி இருக்கும் இடத்தில் வேறொரு கோவையை வைத்து எழுதும் வேலை, அதாவது பதிலீடு, வந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. சார்பை அழைத்த இடத்திலேயே விரித்து எழுதும் ஆப்டிமைசர், வகைகளுக்குள் கோவைகள் வரும் வகைச் சரிபார்ப்பி, மேக்ரோ விரிப்பான், நிறுவல் (கணிதச் சான்று) உதவிக் கருவி எல்லாம் இந்த ரகம்.

படி 1: பெயரோடு பதிலிடும்போது எங்கே உடைகிறது என்று பாருங்கள்

இந்தக் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள்:

    (லா அ. லா இ. அ) இ

கடைசி இ வெளியில் எங்கோ வரையறுக்கப்பட்ட கட்டற்ற மாறி. விடையாக வர வேண்டியது, எதைக் கொடுத்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல் வெளி இ-யைத் திருப்பித் தரும் சார்பு. அ இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இ என்று போட்டால் கிடைப்பது

    லா இ. இ

இது கொடுத்ததையே திருப்பித் தரும் சார்பு. வெளியிலிருந்து வந்த இ, உள்ளே இருந்த "லா இ"-யிடம் மாட்டிக்கொண்டது. இதைத்தான் மாறி சிறைப்படுதல் என்கிறார்கள்.

சரியான முறையில், "லா ம. உடல்" என்ற கணுவுக்குள் "அ-க்குப் பதில் பு" என்று போகும்போது மூன்று நிலைகளைப் பார்க்க வேண்டும். ம என்பது அ-வாகவே இருந்தால் நின்றுவிடுங்கள். உள்ளே இருக்கும் அ வேறொரு அ. ம என்பது பு-வுக்குள் கட்டற்று வருகிறதென்றால், ம-வுக்குப் புதுப் பெயர் கொடுத்து உடல் முழுக்க மாற்றிவிட்டு உள்ளே போங்கள். இரண்டும் இல்லையென்றால் நேராகப் போகலாம். புதுப் பெயர் பு-வில் மட்டும் இல்லாமல் இருந்தால் போதாது. உடலிலும் கட்டற்று வரக் கூடாது, அ-வாகவும் இருக்கக் கூடாது. புதியவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தப் பின்பாதியைத்தான்.

"எல்லாப் பிணைப்புக்கும் ஆரம்பத்திலேயே வெவ்வேறு பெயர் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே" என்று அடுத்த யோசனை வரும். எல்லோருக்கும் வரும். இதை ஓட்டிப் பாருங்கள்:

    (லா ச. ச ச) (லா க. லா இ. க இ)

ச, க, இ மூன்றும் தனித்தனிப் பெயர்கள்; மோதல் இல்லை. ஒரு படி சுருக்கினால், அதாவது அழைப்பை எடுத்துவிட்டு உடலில் கொடுத்த மதிப்பைப் பதிலிட்டால்:

    (லா க. லா இ. க இ) (லா க. லா இ. க இ)

ச இரண்டு முறை வந்ததால் கொடுத்த சார்பு இரண்டு பிரதியானது. தனித்தன்மை முதல் படியிலேயே போய்விட்டது. அடுத்து:

    லா இ. (லா க. லா இ. க இ) இ

இப்போது உள்ளே இருக்கும் அழைப்பைச் சுருக்கினால், கண்மூடிப் பதிலீட்டில் "லா இ. லா இ. இ இ" வரும். வர வேண்டியது "லா இ. லா உ. இ உ". ஆக, தனிப்பெயர் முறையைப் பின்பற்றினால் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பிணைப்புகளுக்குப் புதுப் பெயர் இட வேண்டும். அல்லது, எந்தெந்தப் பெயர்கள் தற்போது வீச்செல்லையில் (அந்த இடத்தில் செல்லுபடியாக) இருக்கின்றன என்ற கணத்தைக் கூடவே எடுத்துச் சென்று, மோதினால் மட்டும் பெயர் மாற்ற வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலர் இந்த இரண்டாம் வழியில் போகிறது. வேகமானதுதான், ஆனால் அந்தக் கணத்தில் ஒரு பெயரைச் சேர்க்க மறந்தாலும் யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

படி 2: பெயரை எடுத்துவிட்டு எண்ணை வையுங்கள்

மாறியின் பெயர் மனிதர்களுக்காக. இயந்திரத்துக்குத் தேவை, "இந்த இடம் எந்த லாவைச் சேர்ந்தது" என்ற இணைப்பு மட்டும்தான். நெதர்லாந்தின் கணித அறிஞர் நிக்கோலாஸ் டி பிரவுய்ன், ஆட்டோமேத் என்ற நிறுவல் சரிபார்ப்பு அமைப்புக்காக, 1972-ல் இதற்கு ஒரு குறியீட்டை வெளியிட்டார். மாறி இருக்கும் இடத்திலிருந்து மேலே ஏறி, தன் லாவை அடையும் முன் எத்தனை லாக்களைத் தாண்டுகிறோம் என்ற எண்ணே மாறி. பழைய கட்டுரைகளில் 1-லிருந்தும் எண்ணியிருப்பார்கள். கணினியில் 0-விலிருந்து எண்ணுவது வசதி.

    லா அ. லா இ. லா உ. அ உ (இ உ)   →   லா லா லா 2 0 (1 0)
    லா அ. அ (லா இ. அ)             →   லா 0 (லா 1)

இரண்டாவது வரியில் சற்று நில்லுங்கள். ஒரே அ, ஓரிடத்தில் 0, இன்னோரிடத்தில் 1. எண் என்பது மாறியின் அடையாளம் அல்ல, நிற்கும் இடத்திலிருந்து இருக்கும் தூரம். இது மனதில் பதியாதவரை அடுத்த படி புரியாது.

மாற்றும் வேலை எளிது. பார்சர் தந்த மரத்தில் கீழே இறங்கும்போது பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். லாவைத் தாண்டினால் அதன் பெயரைப் பட்டியலின் முன்னால் சேருங்கள். மாறியைக் கண்டால் முன்னாலிருந்து தேடி, முதலில் கிடைக்கும் இடத்தின் எண்ணை எழுதுங்கள். முன்னாலிருந்து தேடுவதால், உள் அ வெளி அ-வை மறைக்கும் விதி தானாகவே சரியாகிவிடும். கிடைக்கவில்லையென்றால் "வரையறுக்கப்படாத மாறி" என்ற பிழையை வரி எண்ணோடு இங்கேயே சொல்லிவிடுங்கள். இதற்குப் பிறகு சொல்லப் பெயரே இருக்காது.

கைமேல் கிடைக்கும் பலன், பெயர் மட்டும் வேறுபடும் இரண்டு கோவைகள் இப்போது எழுத்துக்கு எழுத்து ஒன்றே. சமமா என்று பார்க்க மரங்களை அப்படியே ஒப்பிட்டால் போதும். ஹாஷ் அட்டவணையிலும் போடலாம்.

படி 3: நகர்த்தலும் பதிலீடும்

இலவசமாக எதுவும் கிடைக்காது. எண்கள் தூரத்தைச் சொல்வதால், ஒரு கோவையைத் தூக்கி இன்னொரு லாவுக்குள் வைத்தால் அதன் கட்டற்ற எண்கள் எல்லாம் ஒன்று கூட வேண்டும். அதற்கான சார்பு:

    நகர்த்து(அளவு, எல்லை, கோவை):
      மாறி எ      → எ < எல்லை என்றால் மாறி எ
                    இல்லையேல் மாறி (எ + அளவு)
      லா உடல்     → லா நகர்த்து(அளவு, எல்லை + 1, உடல்)
      அழைப்பு ச த → இரண்டிலும் அதே அளவு, அதே எல்லை

எல்லை என்பது கோவைக்குள்ளேயே கட்டுண்ட மாறிகளைத் தொடாமல் விடுவதற்கான வேலி. அடுத்து:

    பதிலிடு(எண், பு, கோவை):
      மாறி எ      → எ = எண் என்றால் பு, இல்லையேல் மாறி எ
      லா உடல்     → லா பதிலிடு(எண் + 1, நகர்த்து(1, 0, பு), உடல்)
      அழைப்பு ச த → இரண்டிலும் அதே எண், அதே பு

    சுருக்கு((லா உடல்) பு) =
      நகர்த்து(-1, 0, பதிலிடு(0, நகர்த்து(1, 0, பு), உடல்))

கடைசி வரியில் முதலில் 1 கூட்டி, பிறகு 1 கழிப்பது வீண்வேலை போலத் தெரியும். பதிலிடும் நேரத்தில் பு அந்த லாவுக்குள் நிற்கிறது, அதனால் கூட்ட வேண்டும். முடிந்ததும் அந்த லா மறைந்துவிடுகிறது, அதனால் மிச்சமிருக்கும் எல்லாக் கட்டற்ற எண்களிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

படி 1-ன் உதாரணத்தை ஒரு வெளி லாவுக்குள் வைத்துக் கையால் ஓட்டுவோம்: லா இ. ((லா அ. லா இ. அ) இ). எண்ணில் எழுதினால் லா ((லா லா 1) 0). சுருக்க வேண்டிய உடல் "லா 1". பு என்பது 0.

பு-வை நகர்த்தினால் 1. "லா 1"-க்குள் எண் 0-வைத் தேடிக்கொண்டு போகிறோம். லாவைத் தாண்டியதும் தேடும் எண் 1 ஆகிறது, பு 2 ஆகிறது. உள்ளே இருப்பது 1, பொருந்துகிறது, 2-ஐ வைக்கிறோம். கிடைத்தது "லா 2". கடைசியாக ஒன்றைக் கழிக்கும்போது லாவுக்குள் எல்லை 1. 2 அதற்குக் குறையாததால் 1 ஆகிறது. விடை "லா 1", முழுக்கோவை "லா லா 1". உள் லாவைத் தாண்டி வெளி இ-யைக் காட்டுகிறது. சரி.

இப்போது பதிலிடு சார்பில், லாவைத் தாண்டும்போது பு-வை நகர்த்த மறந்ததாக வைத்துக்கொள்வோம். பு 1-ஆகவே இருக்கும். "லா 1" கிடைக்கும். கழித்தால் "லா 0". முழுக்கோவை "லா லா 0". அதே பழைய சிறைப்படுதல்! எண்ணுக்கு மாறினால் சிறைப்படுதல் ஒழிந்துவிடும் என்று பலரும் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். தப்பு செய்யும் இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நோய்க்குறிகளை வைத்துத் தப்பைக் கண்டுபிடிக்கலாம். மரத்தில் எங்காவது -1 தெரிந்தால், கழிக்கும்போது எல்லையைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள்: "லா 0" என்ற ஒன்றுமறியாக் கோவை "லா -1" ஆகியிருக்கும். எதிர்ம எண்களை ஏற்காத வகையில் மாறியை வரையறுத்து, அங்கேயே நிரலை நிறுத்திவிடுவது நல்லது. கூட்டும்போது அதே மறதி ஏற்பட்டால் "லா 0" சத்தமில்லாமல் "லா 1" ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது. மூடிய (கட்டற்ற மாறியே இல்லாத) கோவைகளை மட்டும் பதிலிட்டுச் சோதித்தால் சில தவறுகள் வெளியே வரவே வராது, ஏனெனில் மூடிய கோவையில் நகர்த்த ஒன்றுமில்லை.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு லாவிலும் பு முழுவதையும் நகர்த்துவது வீண். எத்தனை லாக்களைத் தாண்டினோம் என்று எண்ணிக்கொண்டு, பொருந்தும் இடத்தில் மட்டும் ஒரே தடவை அத்தனையும் நகர்த்துங்கள். கூடவே, ஒவ்வொரு கணுவிலும் "இதற்குள் கட்டற்று நிற்கும் மிகப் பெரிய எண்ணைவிட ஒன்று அதிகம்" என்பதைச் சேமித்து வைத்தால், அது எல்லையைத் தாண்டாத உட்கோவையை நடக்காமலே திருப்பித் தந்துவிடலாம். லீன் 4 என்ற நிறுவல் உதவிக் கருவி இப்படிச் சேமிக்கிறது. பெரிய மரங்களில் இதன் பலன் கண்கூடு.

படி 4: கணக்கிடுபவருக்கு மட்டம்

படி 2-ல் பார்த்த எண்ணுக்குச் சுட்டெண் என்று பெயர்; அது உள்ளிருந்து வெளியே எண்ணுவது. அதையே வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் அது மட்டம். மிக வெளி லா 0, அடுத்தது 1. மட்டத்தின் சிறப்பு, ஆழம் கூடினாலும் எண் மாறாது, நகர்த்தலே வேண்டாம். அதன் குறை, மூடிய ஓர் உட்கோவையை வேறு ஆழத்துக்குக் கொண்டுபோனால் அதன் உள் எண்கள் எல்லாம் தப்பாகிவிடும்.

ஆகவே கோவையில் சுட்டெண், கணக்கிட்டுக் கிடைத்த மதிப்பில் மட்டம் என்று பிரித்துக்கொள்வதே பழக்கம். லாவுக்குள்ளும் போய்ச் சுருக்க வேண்டுமென்றால், கோவையைக் குளோஷராகக் கணக்கிடுங்கள். திரும்ப எழுதும்போது, தற்போதைய ஆழத்தையே மட்டமாகக் கொண்ட ஒரு புது மாறியை அந்தக் குளோஷருக்குக் கொடுத்து, ஆழத்தை ஒன்று கூட்டி உள்ளே எழுதுங்கள். மட்டத்தைச் சுட்டெண்ணாக மாற்ற:

    சுட்டெண் = ஆழம் - மட்டம் - 1

ஆழம் 2-ல் மட்டம் 0 என்றால் சுட்டெண் 1. மட்டம் 1 என்றால் 0. அந்தக் கடைசி -1 விட்டுப்போவது மிகச் சாதாரணம். சுட்டெண்ணும் மட்டமும் இரண்டும் வெறும் முழு எண்ணாக இருந்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவீர்கள். இரண்டுக்கும் தனித்தனி வகை வையுங்கள். அதற்கு ஆகும் இரண்டு வரி, தேடலில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

படி 5: கட்டுண்டதற்கு எண், கட்டற்றதற்குப் பெயர்

வகைச் சரிபார்ப்பி எழுதுபவர்களுக்கு நான் முதலில் கை காட்டுவது இந்தக் கலப்பு முறையைத்தான். மாறிக் கணுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். லாவோடு பிணைந்தது எண். பிணையாதது தனிப்பெயர் (நடைமுறையில் எண்ணியிடமிருந்து வாங்கிய தனி அடையாள எண்). இரண்டே சார்புகள்:

    திற(எ, பு, கோவை):   கட்டுண்ட எ → பு, லாவுக்குள் எ + 1
    மூடு(எ, பெயர், கோவை): கட்டற்ற பெயர் → கட்டுண்ட எ, லாவுக்குள் எ + 1

"லா லா 1"-ன் வெளி லாவைத் தாண்ட வேண்டுமா? புதுப் பெயர் க ஒன்றை எடுங்கள். திற(0, க, லா 1) என்பது "லா க". இனி அதைத் திறந்த கோவையாகத் தைரியமாகப் பார்க்கலாம். க-வின் வகையைச் சூழலில் எழுதிக்கொள்ளுங்கள்; வேலை முடிந்ததும் மூடு(0, க, …) என்று திரும்பக் கட்டுங்கள். நகர்த்தல் எங்கே போயிற்று? கட்டற்ற மாறிகளுக்குத் தூரமே இல்லாததால் அது தேவைப்படவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. திற சார்புக்குக் கொடுக்கும் பு-வில் தனக்குரிய லா இல்லாமல் தொங்கும் எண் எதுவும் இருக்கக் கூடாது. லாவைத் திறக்காமல் அதன் உடலை மட்டும் உருவி எடுத்து எங்காவது அனுப்பினால் இந்த நிபந்தனை உடையும். உடலை நேரடியாக எடுக்க முடியாதபடி மாட்யூலுக்குள் மறைத்து, திற வழியாக மட்டும் வழி விடுங்கள். இன்னொரு பொறி வேகம் சார்ந்தது. அடுத்தடுத்து நூறு லாக்கள் இருந்தால், ஒவ்வொன்றாகத் திறப்பது உடலை நூறு முறை நடக்க வைக்கும். பெயர்களைப் பட்டியலாக வாங்கி ஒரே நடையில் திறக்கும் சார்பையும் எழுதி வையுங்கள்.

அச்சிடும்போது பெயர் வேண்டுமே

பயனருக்கு "லா லா 1" என்று பிழைச்செய்தி காட்டினால் திட்டுவார். லா கணுவில் மூலப் பெயரைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது அதையே முயலுங்கள்; அந்தப் பெயர் உடலில் கட்டற்று வரும் வேறொன்றோடு மோதினால் பின்னால் எண் சேருங்கள். ஆனால் சமத்துவ ஒப்பீடும் ஹாஷும் இந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளவே கூடாது. மொழி தானாக உருவாக்கித் தரும் ஒப்பீட்டைப் பயன்படுத்தினால் குறிப்பும் சேர்ந்து ஒப்பிடப்பட்டு, ஒன்றான இரு வகைகள் வேறு என்று வரும். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துவது போலவேகூட இருக்கும்.

லா அல்லாத பிணைப்புகள்

"வை அ = முதல்; பின்" என்ற வரையறையில் அ-வின் வீச்செல்லை "பின்" மட்டுமே; "முதல்" பழைய எல்லையிலேயே நடக்க வேண்டும், "பின்" எல்லை + 1-ல். தன்னையே அழைக்கும் வரையறையென்றால் இரண்டுமே எல்லை + 1. இந்த இரண்டையும் ஒரே கணுவில் ஆம்/இல்லை குறி ஒன்றை வைத்து வேறுபடுத்தாதீர்கள். தனிக் கணுக்களாகவே வையுங்கள். ஒரு வடிவப் பொருத்தம் (மதிப்பின் வடிவத்தைப் பார்த்து அதன் பகுதிகளுக்குப் பெயர் வைப்பது) ஒரே நேரத்தில் ந மாறிகளைப் பிணைத்தால் எல்லை + ந. அங்கே எது 0 என்பதை எங்காவது ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடுங்கள். கடைசியாக எழுதிய மாறி 0 என்பது வழக்கமான ஏற்பாடு. சிலர் "எத்தனையாவது பிணைப்பு, அதில் எத்தனையாவது மாறி" என்று எண் ஜோடியாக வைப்பார்கள். வடிவங்கள் நிறைந்த மொழிக்கு அது தோது.

வேறு வழிகள், சுருக்கமாக

எழுதும் மொழியின் சார்பையே லாவின் உடலாக வைக்கும் முறை ஒன்று உண்டு. 1988-ல் ஃபென்னிங்கும் எலியட்டும் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவியது. பதிலீடு என்பது வெறும் சார்பு அழைப்பாகிவிடும், ஒரே துறைக்கென எழுதும் சிறு மொழிகளுக்கு (டிஎஸ்எல்) அருமை. ஆனால் உடலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மல்லுக்கட்ட வேண்டும். அக்டா, கோக் (இப்போதைய பெயர் ராக்) போன்ற நிறுவல் உதவிக் கருவிகள் அந்த வகை வரையறையையே நேராக ஏற்காது. 2008-ல் சிலிபாலா தந்த அளபுரு வடிவம் அதற்கு ஒரு மாற்று. பெயர்களை இடமாற்றுவதையே அடிப்படைச் செயலாக வைக்கும் நாமினல் முறை கேபேயும் பிட்ஸும் 1999-ல் முன்வைத்தது. நிறுவல்களில் அதன் எழுத்து மிக இயல்பாக இருக்கும்.

உங்கள் மொழியின் வகை அமைப்பு இடம் கொடுத்தால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: வீச்செல்லையில் எத்தனை மாறிகள் என்பதைக் கோவையின் வகையிலேயே எழுதுவது. ந மாறிகள் உள்ள கோவையில் லாவின் உடல் ந + 1 மாறிகள் கொண்டதாக இருக்கும். படி 3-ல் பார்த்த "பு-வை நகர்த்த மறத்தல்" அப்போது கம்பைல் பிழையாகவே வந்துவிடும். "லா லா 1" எழுத வேண்டிய இடத்தில் "லா லா 0" எழுதினால் மட்டும் அது பிடிக்காது. இரண்டும் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

சோதனை

கையால் எழுதிய பத்து உதாரணங்கள் போதாது. கோவைகளைத் தற்போக்காக உருவாக்கி, பண்புகளைச் சோதியுங்கள். நல்ல பலன் தருபவை: ஒரு பெயரை மூடி அதே பெயரால் திறந்தால் பழைய கோவை வர வேண்டும். நகர்த்து(1, 0, …) செய்து நகர்த்து(-1, 0, …) செய்தால் மாற்றம் இருக்கக் கூடாது. பெயர்க் கோவையை எண்ணாக்கி, அச்சிட்டு, மீண்டும் பார்ஸ் செய்து எண்ணாக்கினால் அதே மரம் வர வேண்டும். எல்லாவற்றிலும் கறாரானது: அ-க்குப் பதில் பு, பிறகு இ-க்குப் பதில் த என்று செய்ததும், முதலில் இ-க்குப் பதில் த, பிறகு அ-க்குப் பதில் (த பதிலிட்ட பு) என்று செய்ததும் சமமாக வேண்டும். அ, இ வேறுவேறாகவும் த-வுக்குள் அ கட்டற்று வராமலும் இருந்தால்தான் இது பொருந்தும். அந்த நிபந்தனையைச் சோதனையில் விட்டுவிட்டுச் சரியான நிரலைத் திருத்தப் போகாதீர்கள்.

கோவைகளை உருவாக்கும்போது பெயர்களை நீளமான தற்போக்குச் சரங்களாக எடுத்தால் இரண்டு பெயர்கள் மோதவே மோதாது, எல்லாச் சோதனையும் பச்சையாகவே இருக்கும். இரண்டோ மூன்றோ பெயர்களை மட்டும் கொடுங்கள், லாக்களை ஆழமாக அடுக்குங்கள், பதிலிடும் கோவைகளில் கட்டற்ற மாறிகள் நிச்சயம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நகர்த்து சார்பில் "எல்லை + 1" என்பதை வேண்டுமென்றே "எல்லை" என்று மாற்றி ஒரு முறை ஓட்டுங்கள். சோதனை சிவப்பாகவில்லையென்றால் முதலில் திருத்த வேண்டியது சோதனையைத்தான்.